பலகைத்தரைப் பக்தர்

இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்தில் மே மாதம் திங்கட்கிழமையும் சேர்ந்து மூன்று நாள் லீவு வந்தால் போதும், வளையை விட்டு வெளியே வரும் ஓர் இனம் உண்டு. பலகைத்தரைப் பக்தர் என்று பெயர். வீடு வாங்கிய முதல் வாரமே முன்னறைக் கம்பளத்தின் மூலையைத் தூக்கி, "அடியில அத்தனையும் அசல் பைன் பலகை" என்று மனைவியைக் கூப்பிட்டுக் காட்டியிருப்பார். நூறு வருஷமாக அங்கே குடியிருந்தவர்கள் அதை எதற்காக மூடி வைத்தார்கள் என்று யோசித்தாரா? அந்தப் பழக்கம் அவர் வம்சத்திலேயே கிடையாது.

எங்கள் தெருவுக்கு வாய்த்த பக்தர் டங்கன். பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்துகிறவர். அவர் மனைவி ஹேஸலுக்குக் கடையில் பார்த்து வைத்த ஒரு சிவப்புக் கம்பளத்தின் மேல் கண். இரண்டு வருஷச் சண்டைக்குப் பின் உடன்படிக்கை ஏற்பட்டது. திங்கள் மாலை ஹேஸலின் அக்கா தேநீருக்கு வருவதற்குள் தரை பளபளத்துவிட்டால் தரை, இல்லாவிட்டால் கம்பளம்.

சனிக்கிழமை காலை, பழைய பலகையைத் தேய்த்து வெளுக்க இரண்டு வாடகை இயந்திரங்கள் வந்து இறங்கின. உப்புத்தாள் சுற்றிய உருளையோடு நின்றபடி தள்ளுகிற இயந்திரம் ஒன்று, சுவரோரத்தில் மண்டியிட்டுத் தேய்க்கச் சின்னது ஒன்று. உருளை சுற்றும்போது மட்டும் ஒரே இடத்தில் நிற்காதீர்கள், நின்றால் பலகையைத் தின்றுவிடும் என்று சொல்லி, விளக்கத்தாளும் கொடுத்து அனுப்பினார் கடைக்காரர். டங்கன் அந்தத் தாளை நாலாக மடித்து, ஆடுகிற மேசைக்கு முட்டுக் கொடுத்தார். ஆணித் தலைகளைத் தட்டி இறக்காமல் ஓட்டி, உப்புத்தாள் நாலைக் கிழித்தார். கதவிடுக்கில் துணி அடைக்காததால் மரத்தூள் படியேறிப் போய், ஹேஸலின் தலையணை, பல் துலக்கும் பிரஷ், வெண்ணெய்க் கிண்ணம், பூனை என்று ஓரிடம் விடாமல் குடியேறியது. விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை என்பார்களே, அதைச் சொல்லவும் இவரால் முடியாது. மீசை முழுக்கத் தூள்.

ஆனாலும் தரை வெளுத்துக்கொண்டுதான் வந்தது. அப்போதுதான் பக்கத்து வீட்டு வில்ஃப் ஜன்னலைத் தட்டி, டீ வேணுமா என்று கோப்பையைத் தூக்கிக் காட்டினார். இந்த ஊரில் வீடு பற்றி எரிந்தாலும் டீ கேட்டவருக்கு மரியாதையாகப் பதில் சொல்லிவிட்டுத்தான் அணைப்பார்கள். டங்கன் நின்றார். பால் கொஞ்சம், சர்க்கரை வேண்டாம் என்றார். மழை வருமா என்பதைப் பற்றியும் இருவரும் பேசி முடித்தார்கள். டங்கன்தான் நின்றாரே தவிர, உருளை நிற்கவில்லை.

நடுத்தரையில் சூப் ஊற்றிக் குடிக்கிற அளவுக்கு ஒரு பள்ளம்.

பக்தர் கலங்குவாரா? பள்ளத்தைச் சுற்றித் தேய்த்தால் சமமாகிவிடும் என்று தேய்த்தார். பள்ளம் அகலமானது. சனி மாலை கால்மிதி அளவு. ஞாயிறு மதியம் சாப்பாட்டு மேசை அளவு. இருட்டுவதற்குள் இரட்டைக் கட்டில் அளவு. வில்ஃப் எட்டிப் பார்த்து, "மோசமில்ல தம்பி" என்றார். சாவு வீட்டிலும் அவர் அதே குரலில்தான் பேசுவார்.

முதலில் பாவம் பார்த்தவள் ஹேஸல்தான். பள்ளத்தின் மேல் ஒரு சின்ன விரிப்பைப் போட்டு மறைத்துவிடலாம், உடன்படிக்கையில் ஜெயித்தது நீதான் என்று வைத்துக்கொள் என்றாள். திங்கள் காலை அளவு நாடாவோடு வந்து நின்றாள்.

"பள்ளம் இப்ப எதுவரைக்கும் போயிருக்கு?"

"சுவத்துக்கிட்ட வரைக்கும்."

"எந்தச் சுவரு?"

டங்கன் நாலு பக்கமும் பார்த்தார்.

"சரி விடு, விரிப்பும் அதுவரைக்கும் இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, ஹேஸல் கம்பளக் கடைக்குப் போன் செய்தாள்.

மாலையில் வந்த அக்கா, சிவப்புக் கம்பளத்தில் நாலடி வைத்துவிட்டுத் தடுமாறினாள். "என்ன டங்கன், நடுவுல இறங்குது?"

"அடியில அசல் பைன் பலகை" என்றார் டங்கன், பெருமையாக.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். உங்கள் வீட்டுக் கூடத்தில் அந்தக் காலண்டர் ஏன் முழங்கால் உயரத்தில் தொங்குகிறது என்று நான் கேட்கப் போவதில்லை. ஆணி அடிக்கப் போய்ச் சுவரைப் பெயர்த்தது யார் என்பதும் எனக்கு வேண்டாம். என் வீட்டுக்கு வந்தால் மட்டும், கம்பளத்தின் நடுவில் கொஞ்சம் பார்த்துக் கால் வையுங்கள்.