முப்பத்தொன்பதாவது டவரின் பணிநிறைவு

உழைத்துக் களைத்தவர்களுக்கு ஓய்வு கொடுப்பது நாகரிக உலகின் வழக்கம். அந்தக் கருணையைச் செல்போன் டவர்களுக்கும் நீட்டிய பெருமை ஒரு தொலைபேசி நிறுவனத்தைச் சேரும். டவரைப் பிடுங்குகிறோம் என்று அங்கே யாரும் வாய்தவறிக்கூடச் சொல்லக் கூடாது. 'பணிநிறைவு' என்றுதான் சொல்ல வேண்டும். பிடுங்கினால் ஜனங்கள் கத்துவார்கள், பணிநிறைவு என்றால் கைதட்டுவார்கள் என்பது மேலிடத்தின் கணிப்பு.

அப்படி ஓய்வு பெறும் டவரால் வாடிக்கையாளருக்கு என்ன பாதிப்பு என்று கணித்துச் சொல்ல ஒரு பிரிவும் இருந்தது. பிரிவு என்றால் ஒரு மேனேஜர், இரண்டு மேசை, ஓர் அலமாரி, அலமாரிக்கு மேலே சொட்டுச் சொட்டாகக் கசியும் ஒரு குழாய், அதன் கீழே ஒரு வாளி. இரண்டாவது மேசையில் வேலைக்குச் சேர்ந்து ஐந்து மாதமான ஒரு பெண். வீட்டில் அவளுக்குப் பட்டப்பெயர் வக்கீல். கோர்ட் வாசலை மிதித்ததில்லை. ஆனால் சாப்பாட்டில் உப்பு குறைந்தால்கூட மூன்று வாதம் வைத்துவிட்டுத்தான் உப்பைக் கேட்பாள். இன்னும் ஒரு மாதம் வாயைக் கட்டிக்கொண்டிருந்தால் வேலை நிரந்தரம்.

அந்த நேரம் பார்த்து மேசைக்கு வந்து சேர்ந்தது முப்பத்தொன்பதாவது டவரின் கோப்பு. டவர் நின்ற குன்றடித் தெருவில்தான் அவளை வளர்த்து ஆளாக்கிய மாமா இருந்தார். குழாய் ரிப்பேர் செய்பவர். போன் வந்தால் வேலை, வராவிட்டால் நாள் முழுக்க அத்தையின் முகம். அவர் பிழைப்பே அந்த டவரின் உச்சியில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

விதி மிகத் தெளிவானது. டவரை ஏழு நாள் அணைத்து வைக்க வேண்டும். அந்த ஏழு நாளில், அதே டவரின் வழியாக எத்தனை புகார் வருகிறது என்று எண்ண வேண்டும். வேறு டவர் வழியாக வந்தால் செல்லாது. சம்பந்தமில்லாதவர்கள் மூக்கை நுழைத்துவிடக் கூடாது அல்லவா?

ஏழு நாளும் முடிந்தது. புகார்: பூஜ்யம்.

"இதோட முப்பத்தொன்பது டவர். ஒண்ணுலகூட பாதிப்பே இல்ல," என்றார் மேனேஜர், நெகிழ்ந்துபோய். "நம்ம ஜனங்களுக்கு எவ்வளவு பக்குவம் பாத்தியாம்மா."

"டவரை அணைச்சு வச்சிருக்கோம் சார். எப்படிக் கூப்பிடுவாங்க?"

"உண்மையிலேயே கஷ்டம்னா எப்படியாவது கூப்பிட்டிருப்பாங்கல்ல?"

எட்டாம் நாள் மாமாவே நேரில் வந்து நின்றார், இரண்டு பஸ் மாறி. ஏழு நாளாக ஓர் அழைப்புகூட இல்லை என்றார். மாடித் தண்ணீர்த் தொட்டிமேல் ஏறி ஒற்றைக் காலில் நின்றால் எங்கிருந்தோ ஒரு கோடு சிக்னல் வருகிறது, ஹலோ சொல்வதற்குள் போய்விடுகிறது, அத்தை ஏணியைப் பிடித்துக்கொண்டே திட்டுகிறாள் என்று முறையிட்டார். மேனேஜர் அவரை மரியாதையாக உட்காரவைத்து, எல்லாவற்றையும் கேட்டு, படிவத்தில் எழுதினார்: 'வாடிக்கையாளர் நிறுவனத்தைத் தடையின்றித் தொடர்புகொள்கிறார். மாற்று வழி: பஸ். கூடுதல் பயன்: உடற்பயிற்சி.'

மாமா அதை எட்டிப் பார்த்துப் படித்தார். பிறகு மருமகளைப் பார்த்தார்.

"நீ புத்திசாலிங்க நடுவுல உக்காந்து வேலை பாக்கறேன்னு தெருவெல்லாம் சொல்லி வச்சிருக்கேன் வக்கீலு. இப்ப எல்லார்கிட்டயும் போய் இல்லைன்னு சொல்லணும். போன்ல சொல்லவும் முடியாது."

அது சுருக்கென்று தைத்தது. ஒரு மாதமாவது வாயைக் கட்டுவதாவது. அன்று மாலைவரை மேனேஜரை விடவில்லை. புகார் அந்த டவர் வழியாகத்தான் வர வேண்டும் என்பது விதி, அணைந்த டவர் வழியாக எதுவும் வராது, ஆகவே புகார் வாங்குவதற்காகவாவது டவரை எரியவிட்டாக வேண்டும் என்று விதியைக் கொண்டே விதியை மடக்கினாள். மேனேஜர் கசியும் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தார். வாளியைச் சற்று நகர்த்தினார். "விதியில இடம் இருக்கும்மா," என்றார்.

மேலிடம் பூரித்துப் போயிற்று. திட்டத்துக்குப் 'புகார் நேரம்' என்று பெயர் வைத்தது. வியாழன் காலை பத்து முதல் பதினொன்று வரை டவர் எரியும், அப்போது ஒரு பதிவுக் குரல் ஒவ்வொருவரையும் அழைத்து ஒரே ஒரு கேள்வி கேட்கும். ஜெயித்த மயக்கத்தில் கேள்வியைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டவள் வக்கீல்தான்.

கேள்வி இது: 'உங்கள் போனில் இப்போது சிக்னல் இருக்கிறதா? இருந்தால் ஒன்றை அழுத்தவும்.'

ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு பேர் ஒன்றை அழுத்தினார்கள். பதறிப்போய் மாமாவைக் கூப்பிட்டாள். ஆறு முறை பிஸி. ஏழாவது முறை கிடைத்தார்.

"நீங்களுமா மாமா ஒண்ணை அழுத்துனீங்க?"

"சிக்னல் இருக்கான்னு கேட்டாங்க. இருந்துச்சு. பொய் சொல்லச் சொல்றியா? வை, வை. ஒரு வாரத்துப் பேச்சை ஒரு மணி நேரத்துல பேசணும்."

அறிக்கை போயிற்று: 'வாடிக்கையாளர் திருப்தி நூற்றுக்கு நூறு.' திருப்தியைத் தொடர்ந்து அளப்பதற்காக வியாழன்தோறும் அந்த ஒரு மணி நேரம் மட்டும் நிலைத்தது. முப்பத்தொன்பதாவது டவருக்கு ஒரு வியாழன் மாலை மைக், பலூன் எல்லாம் வைத்துப் பணிநிறைவு விழா நடந்தது. குன்றடித் தெருவே திரண்டு வந்து டவரோடு நின்று படம் எடுத்துக்கொண்டது. எடுத்த படத்தை உடனே நாலு பேருக்கு அனுப்பப் பார்த்தது. போகவில்லை. ஆனாலும் கைதட்டியது. வக்கீலின் வேலையும் நிரந்தரமாயிற்று, முன்மாதிரி யோசனைக்காக.

மறுநாள் வெள்ளிக்கிழமை, அலமாரிக்கு மேலிருந்த குழாய் வெடித்தது. முப்பத்தொன்பது டவர்களின் பாதிப்பின்மையும் கோப்பு கோப்பாக மிதந்து வந்தது. மேனேஜர் மேசைமேல் ஏறி நின்று, தெரிந்த குழாய்க்காரர்களுக்கெல்லாம் போன் போட்டார். எல்லோரும் தொடர்பு எல்லைக்கு வெளியே இருந்தார்கள். எல்லோரும் ஓய்வு பெற்ற டவர்களின் அடியில் குடியிருப்பவர்கள்.

"உங்க மாமா எப்பதாம்மா போனை எடுப்பார்?"

"வியாழக்கிழமை சார். பத்து மணிக்கு." மிதந்து போன தன் நிரந்தர உத்தரவை எட்டிப் பிடித்தாள். மேனேஜரின் கையெழுத்து பாதி கரைந்திருந்தது. "இல்லாட்டி மாற்று வழி இருக்கு. ரெண்டு பஸ் மாறணும். உடற்பயிற்சியும் ஆகும்."

நனைந்த பேன்ட்டோடு மேனேஜரும் நனைந்த உத்தரவோடு அவளும் குன்றடித் தெருவில் போய் இறங்கினார்கள். மாமா தண்ணீர்த் தொட்டிமேல் ஒற்றைக் காலில் நின்றிருந்தார். விஷயத்தை முழுக்கக் கேட்டுக்கொண்டு, மேலிருந்தபடியே கவலையோடு சொன்னார்:

"இதுக்கா சார் இவ்வளவு தூரம் வந்தீங்க? ஒரு போன் அடிச்சிருக்கலாமே."