மாப்பிள்ளையின் பல்லிக்கு மஞ்சள் காமாலை

அன்புள்ள மாப்பிள்ளைக்கு, எழுதப் படிக்கத் தெரியாத மாமனார் மகளின் கையால் எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் சௌக்கியம். நீங்கள் விட்டுப்போன முள்வால் பல்லியும் சௌக்கியம், ஆனால் அதைக் கொஞ்சம் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கிறது.

பாலைவன ஆராய்ச்சிக்குக் கிளம்பியபோது, செருப்பு மாட்டிக்கொண்டே நீங்கள் சொன்னது ஒரு எழுத்துப் பிசகாமல் நினைவிருக்கிறது: "மாமா, தினமும் வெயில்ல காய வைங்க. தண்ணி வேண்டாம், இலையும் பூவும் போதும்." காய வைப்பதென்றால் எங்கள் வீட்டில் கொடிதான். உங்கள் அத்தை அதைத் தலையணை உறைக்குள் விட்டு, தலை மட்டும் வெளியே தெரிய, கிளிப் மாட்டித் தொங்கவிட்டாள். காலையில் கரிக்கட்டையாக இருந்தது மதியத்துக்குள் மஞ்சளாகிவிட்டது. காமாலை என்று பதறி நிழலுக்குக் கொண்டுவந்தோம், மறுபடி கறுத்தது. பிறகு தும்மியது, மூக்கோரம் வெள்ளையாக என்னவோ. சளி என்று உங்கள் அத்தை மப்ளர் சுற்றினாள். நான் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன், உப்பு. மப்ளர் பிடிக்காமலோ என்னவோ, அது உதறிவிட்டு அலமாரி இடுக்கில் புகுந்து, உடம்பை ஊதிக்கொண்டு, வாலால் வழியை அடைத்துவிட்டது. இழுத்துப் பார்த்தேன். கையில் விழுந்த அடி இன்னும் வலிக்கிறது.

"அந்தப் பல்லியா நானா" என்று உங்களிடம் கேட்டுவிட்டு இங்கே வந்த உங்கள் மனைவி (இதை எழுத மாட்டேன் என்கிறாள், எழுது என்றேன்) அதுவரை அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. அன்று மேசை விளக்கோடு வந்து தரையில் படுத்தாள்.

"இழுக்காதீங்கப்பா, விளக்கை வச்சா தானா வரும். அது கோவிச்சுக்கல, குளிருது."

வந்தது. சூடேறினால் நிறம் வெளுக்குமாம், உடம்பில் மிஞ்சிய உப்பைத் தும்மித் தள்ளுமாம், தண்ணீரை இலையிலேயே எடுத்துக்கொள்ளுமாம். இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும் என்றேன்.

"சாப்பிட உட்கார்ந்தா அவர் வேற என்ன பேசினார்?"

ஆகவே மாப்பிள்ளை, திரும்பியதும் வந்து பல்லியை மட்டும் எடுத்துப் போங்கள். என் மகள் வர மாட்டாளாம், நான் வற்புறுத்தவில்லை. உங்களுக்கு நீண்ட ஆயுளும் குறையாத வெயிலும் கிடைக்கட்டும்.

இப்படிக்கு,
மாமனார் (கைநாட்டு)

பி.கு.: அப்பாவால் படிக்க முடியாது என்ற தைரியத்தில் எழுதுகிறேன். பல்லியை அவர் தர மாட்டார். மடியில் வைத்துப் பூ ஊட்டிக்கொண்டேதான் இவ்வளவும் சொன்னார். என்னை மட்டும் கூட்டிப் போங்கள். நான் கோவிச்சுக்கல. குளிருது.