மூக்கைக் கொஞ்சம் குறை

"நான்தானே இது?" என்று தினேஸ்வரி கேட்டபோது, 'தெரியாது' என்று யுகேந்திரன் உண்மையைச் சொல்லியிருக்கலாம்.

"ஆமா, நீதான்" என்றான். கல்யாணமான எட்டு வருடத்தில் ஆமாம் சொல்லியே பழகிவிட்டது.

ஈப்போவில் ஒரு சின்ன கேம் கம்பெனியில் அவனுக்கு வேலை. கைப்பேசி கேமராவைக் காட்டினால் விளையாட்டுப் பாத்திரம் நம் வீட்டுத் தரையிலேயே வந்து நிற்பதுபோல் திரையில் தெரியும். அதன் மூக்கு, முழியையெல்லாம் விரலால் இழுத்து மாற்றலாம். மாற்றும் வித்தையை அமைப்பது யுகேந்திரன். முகங்களை வரைவது சுபாஜினி. ஐந்து மணிக்குள் முதலாளிக்கு அனுப்ப வேண்டும். அதற்குள் மனைவியிடம் காட்டிப் பெருமைப்பட ஆசைப்பட்டான்.

சோபா பக்கத்தில் சிவப்புச் சேலையில் ஒரு பெண் நின்றாள். தினேஸ்வரியிடமும் அதேபோல் ஒன்று உண்டு. அவள் முகம் மலர்ந்தது. ஐந்து விநாடிதான்.

"மூக்கு ஏன் இவ்ளோ பெருசு?"

"குறைச்சிட்டா போச்சு." இழுத்தான். மூக்கு சிறுத்தது.

"அப்ப என் மூக்கு பெருசுன்னு ஒத்துக்கிறீங்க?"

"ஐயோ, இல்லலா!" பழையபடி ஆக்கினான்.

"பாருங்க, வேணும்னே பெருசாக்குறீங்க!"

மூக்கை விட்டுப் புருவத்துக்குப் போனான். புதர்போல் இருந்த புருவத்தை மெலிய வைத்ததும், பாத்திரம் திருடனைக் கண்டவள்போல் விழித்தது. தினேஸ்வரி கண்ணாடி முன் நின்று தன் புருவத்தைத் தடவிப் பார்த்துவிட்டு வந்தாள். கண் கலங்கியிருந்தது.

அவனுக்கு மனசு கேட்கவில்லை. அழகாக இருக்கட்டுமே என்று கன்னத்தில் ஒரு குழி வைத்தான்.

"எனக்கு ஏது கன்னத்துல குழி?"

"சும்மா... அழகுக்கு."

"சுபாஜினிக்கு இருக்கு!"

அலாமாக்! யுகேந்திரனுக்கு வியர்த்தது. "அந்தப் புள்ளகிட்டயே கேளு. ஸ்பீக்கர்ல போடுறேன்."

மணி நாலே முக்கால். சுபாஜினி எடுத்தாள்.

"ஏம்மா, அக்கா முகத்த இப்படியா வரையிறது? மூக்கு பெருசு, புருவம் புதரு. அக்கா இங்க அழுவுது."

"அக்கா மூஞ்சியா? ஐயோ அண்ணே, ஆபீஸ் தீபாவளி போட்டோவுல இருந்த உங்க மூஞ்சிக்குத்தான் நான் சேலை கட்டிவிட்டேன்லா!"