பதில் சொல்லும் பெட்டி

"இங்கேதான் இருக்கேன், பயப்படாதீங்க" என்றது கூடத்துச் சுவரில் மாட்டியிருந்த பெட்டி.

பொறியாளர் திடுக்கிட்டு நிமிர்ந்து பார்த்தார். குரல் அவருடையதுதான், அவரே பதிவு செய்தது. ஆனால் மாமியார் கழுத்தில் தொங்கும் புளூடூத் பொத்தானை அமுக்கினால்தான் அது பேச வேண்டும். மாமியாரோ எதிரே உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தார்.

"அத்தை, பட்டனைத் தொட்டீங்களா?"

"எனக்கு இருக்கிறது ரெண்டு கை மாப்பிள்ளை. ரெண்டும் உங்க சட்டையிலதான் இருக்கு."

மாமியார் குளியலறையில் வழுக்கி விழுந்ததிலிருந்து மனைவி வேலைக்குப் போகவில்லை. மாமியார் தனியாக இருந்தாலும் உதவிக்கு அழைக்கட்டும் என்றுதான் பொறியாளர் இந்தப் பெட்டியைச் செய்திருந்தார். "திங்கட்கிழமை நான் போயே ஆகணுங்க. இந்தப் பெட்டி சரியாகலேன்னா அம்மாவை முதியோர் இல்லத்துலதான் விடணும்" என்றாள் அவள்.

பெட்டிக்குள் அவர் எழுதிய நிரலுக்கு மூன்றே நிலைகள். தூக்கம், அழைப்பு வந்தால் விழித்துக் குரல் கொடுத்தல், பிறகு பொத்தானின் பச்சை விளக்கை எரியவிட்டு அதோடு இணைப்பு. டைமர் முடிந்ததும் மறுபடி தூக்கம். டைமரில்தான் கோளாறு என்று நினைத்து, இணைப்பு சீக்கிரமே அறுந்துபோகும்படி மாற்றினார்.

பெட்டி முன்னைவிட அடிக்கடி பேசத் தொடங்கியது.

மாமியாரிடமிருந்து பொத்தானை வாங்கி, அதன் பேட்டரியைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக்கொண்டார்.

"இங்கேதான் இருக்கேன், பயப்படாதீங்க."

அழைக்கப் பொத்தான் இல்லை. ஆனாலும் யாரோ அழைக்கிறார்கள்.

மனைவி அவர் அருகில் ஒட்டி நின்று கிசுகிசுத்தாள். "ஏங்க, அப்பா எப்பவும் உட்கார்ற நாற்காலிக்கு நேர் மேலயா பெட்டியை மாட்டினீங்க?"

"சும்மா இருடி" என்றார் மாமியார். "உயிரோட இருந்தப்பவே உங்கப்பா யாரையும் கூப்பிட மாட்டார். நாம கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்க மாட்டார். இப்பவா வந்து பேசப் போறார்?"

யாரும் சிரிக்கவில்லை. நாற்காலியையும் யாரும் பார்க்கவில்லை.

ஆண்டவன்மேல் பாரத்தைப் போட்டுவிட்டு, பொறியாளர் நான்காவதாக ஒரு நிலையைச் சேர்த்தார்: மௌனம். டைமர் முடியும்வரை யார் அழைத்தாலும் பெட்டி பதில் சொல்லாது.

பெட்டி அடங்கியது. பேசியதைவிட அந்த அமைதிதான் அதிகம் பயமுறுத்தியது. பெட்டியின் மூலையில் சிறு விளக்கு மட்டும் மினுக்கியது. ஓர் அழைப்பு. அணைந்தது. மறுபடி ஓர் அழைப்பு. விடாமல், கெஞ்சுவதுபோல், மேலும் மேலும் வேகமாக.

பிறகு அதுவும் நின்றது.

"போயிடுச்சா?" என்றாள் மனைவி.

வாசல் கதவு படபடவென்று தட்டப்பட்டது. மனைவி அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். மடித்த சட்டையை மாமியார் மெதுவாகக் கீழே வைத்தார். அவர் முகத்தில் பயத்தைக் காணோம். கையும் களவுமாகப் பிடிபட்டவரின் அசடு மட்டும் வழிந்தது.

பொறியாளர் கதவைத் திறந்தார். எதிர்வீட்டுத் தையல்காரம்மா மூச்சிரைக்க நின்றிருந்தார். கழுத்தில் அளவு நாடா. கையில், பொறியாளர் மாதிரிக்குச் செய்து இழுப்பறையில் போட்டு மறந்திருந்த இன்னொரு பொத்தான்.

"அமுக்கினா பச்சை விளக்கு எரியும், எரியுற வரைக்கும் நான் நல்லா இருக்கேன்னு அர்த்தம், எரியலேன்னா ஓடி வந்து பாருன்னு பெரியம்மாதான் இதைக் கொடுத்தாங்க; இப்ப எத்தனை தடவை அமுக்கியும் எரியலையே சார், பெரியம்மா எங்கே?"