இரண்டு டிஸ்க்கும் ஒரு பொலிஸ் துண்டும்

இனி வீட்டில் கடதாசியே இருக்கக்கூடாது என்று முடிவெடுத்தார் சிவபாலன். தொண்ணூற்றைந்தில் யாழ்ப்பாணத்தை விட்டு ஓடியபோது காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ் எல்லாம் பெட்டியோடு போனவை. பட்டவனுக்குத்தானே தெரியும்!

வெள்ளவத்தை பிளாட்டில் எல்லாவற்றையும் ஸ்கேன் பண்ணிக் கம்பியூட்டரில் ஏற்றினார், கொழும்பில் தங்கும் தமிழர் வைத்திருக்க வேண்டிய குடும்பப் பொலிஸ் பதிவுத் துண்டு உட்பட. ஒரே சாமான் இரண்டு டிஸ்க்கில்.

"ஒண்டு செத்தாலும் மற்றது இருக்கும், நேசம். கடதாசி எல்லாத்தையும் பழைய பேப்பர்காரனிட்டைக் குடு."

"பொலிஸ் கேட்டால்?"

"அந்த இடத்திலையே கம்பியூட்டரிலை இருந்து பிரிண்ட் அடிச்சுக் குடுப்பன்."

"ஓமப்பா," என்றாள் நேசமலர். கலியாணமாகி இருபது வருடத்தில் அவள் இவ்வளவு கெதியாக ஓம் சொன்னதில்லை. மனுசன் அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

ஒரேயொரு குறை. கம்பியூட்டரைப் போட்டதும் முதல் டிஸ்க் துள்ளி எழும்பும். இரண்டாவது சோம்பேறி. அது எழும்புமுன் கம்பியூட்டர் ஆளை எண்ணி, ஒன்று குறைகிறதென்று கதவைச் சாத்திவிடும்; ஒன்றையும் திறக்காது.

"உங்களைப் போலத்தான்," என்றாள்.

இரண்டாவதுக்காக அரை நிமிடம் பொறுக்கும்படி கம்பியூட்டரில் எழுதிவைத்தார். பதினொரு தரம் நிற்பாட்டி நிற்பாட்டிப் போட்டார். பதினொரு தரமும் இரண்டும் சேர்ந்தே எழும்பின.

மூன்று கிழமை கழித்து, வெள்ளிக்கிழமை விடியப் பொலிசார் றோட்டை மறித்தார்கள். துண்டில்லாதவர்களை ஏற்றக் கீழே பஸ் நின்றது. துண்டைத் தொலைத்த மேல்மாடிப் பெடியன் றேமண்ட் ஏற்கெனவே அதற்குள் இருந்தான்.

"துண்டுவ கோ?" என்று சிங்களத்தில் துண்டைக் கேட்டார் மாடியேறி வந்த பொலிஸ்காரர்.

"பொட்டக் இன்ன, சேர்," என்று கொஞ்சம் பொறுக்கச் சொல்லிக் கெஞ்சிக் கம்பியூட்டரைப் போட்டார் சிவபாலன். பதினொரு தரமும் டிஸ்க் சூடாக இருக்கும்போதே போட்டுப் பார்த்த மனுசன். இரவு முழுக்க ஆறிக் கிடந்த டிஸ்க்குக்கு அரை நிமிடம் எந்த மூலைக்கு? திரை கறுத்தது. திரும்பப் போட்டார். பொலிஸ்காரரின் கை தோளில் விழுந்தது.

நேசமலர் குசினியிலிருந்து வந்து, கணவரின் சட்டைப் பையிலிருந்த அடையாள அட்டை உறையை எடுத்தாள். அட்டைக்குப் பின்னால், நாலாய் மடித்தபடி, அசல் துண்டு.

பொலிஸ்காரர் பார்த்துவிட்டு இறங்கிப் போனார்.

"மூண்டு கிழமையாய் அதைக் காவிக்கொண்டுதான் கந்தோருக்குப் போனனீங்கள்," என்றாள்.

கீழே பஸ் புறப்பட்டது. அவள் யன்னலடிக்குப் போனாள். அந்நேரம் பார்த்துத் திரை வெளித்தது.

"நேசம், ரெண்டும் சேர்ந்திட்டுது!"

அவள் திரும்பவில்லை.

"அப்ப அந்தக் கம்பியூட்டரிட்டைச் சொல்லி, பெடியன் றேமண்டையும் பிரிண்ட் அடிச்சுத் தரச் சொல்லுங்கோ."