குரவை இல்லாத கலியாணம்

அரைகுறையாய்ப் படம் பார்த்தவன் கையில் கமெராவைக் கொடுக்கக் கூடாது. கொடுத்தால் என்ன ஆகும் என்பதைக் கல்லடியில் எங்கள் வீட்டில் வந்து கேட்கலாம்.

பேசாப் படக் காலத்து ஹங்கேரிய இயக்குநர் ஒருவரின் படங்களை இணையத்தில் பார்த்துத் தொலைத்தேன். வசனம் இல்லை, நிறம் இல்லை. முகமே கதை சொல்லும். என்றோ செத்துப்போன மனிதர் என்னைப் பேயாய்ப் பிடித்துக்கொண்டார். சாப்பிடும்போதுகூட அம்மாவின் முகத்தை விரல்களால் சட்டம் கட்டிப் பார்த்தேன். (அகப்பையால் அடி விழுந்தது.)

அந்த நேரம் பார்த்துத் தங்கச்சிக்குக் கலியாணம். கட்டாரில் வேலை செய்யும் அப்பாவுக்கு லீவு கிடைக்கவில்லை. மகள் கழுத்தில் தாலி ஏறுவதை வீடியோவில்தான் பார்க்கவேண்டும். கமெராக்காரரை வேண்டாம் என்று நானே எடுத்தேன். வேறு யாரும் போனைத் தூக்கக்கூடாது என்று சட்டமும் போட்டேன். (எல்லோரும் கேட்டு நடந்ததுதான் கொடுமை.)

கலியாணம் முடிந்து, அப்பாவின் ஓய்வுநாளில் அவரை வீடியோ கோலில் எடுத்து, போனை டீவிக்கு முன்னால் பிடித்தோம். கறுப்பு வெள்ளையில் தங்கச்சியின் கண். பிறகு மாப்பிள்ளையின் மூக்கு. தாலி ஏறியது. ஒரு சத்தமும் இல்லை. மாமி நெஞ்சில் கை வைத்துக்கொண்டு, "செத்த வீடாடா மனே இது?" என்றார்.

போனில் அப்பா பதறினார். "ஏன் ஒருத்தரும் குரவை போடல்ல? என்ட புள்ளைக்கு என்ன குறை?"

பெண்கள் நாக்கைச் சுழற்றிக் குரவை போடாவிட்டால் எங்கள் பக்கத்தில் அது நல்ல காரியமே இல்லை. அன்று மண்டபமே அதிர்ந்தது உண்மை. கமெராவில் ஒலிப்பதிவை நிறுத்தி வைத்திருந்த மகான் நான். ஹங்கேரிக்காரரைப் பற்றி விளக்கினேன். அப்பா கடைசிவரை கேட்டார்.

"அந்த மனுசனும் தான் பெத்த புள்ளைக்கு இப்பிடித்தான் செஞ்சாரா மனே?"

அவர் குரல் உடைந்திருந்தது. வெட்கத்தில் எனக்குச் செத்துவிடலாம் போலிருந்தது.

மாமி படத்தைப் பின்னால் ஓட்டச் சொன்னார். தாலி ஏறும் இடத்தில் அவரும் அம்மாவும் எழுந்து நின்று போட்ட குரவையில் அயலார் ஓடி வந்துவிட்டார்கள். அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

போன ஆவணியில் எனக்குக் கலியாணம். இம்முறை அப்பா வந்திருந்தார். தாலி கட்டினேன். மேளம் முழங்கியது, குரவையைக் காணோம். திரும்பிப் பார்த்தால் மாமி, அம்மா, மண்டபத்துப் பெண்கள் எல்லோரும் வாயைப் பொத்திக்கொண்டு நிற்கிறார்கள். என்ன குறையோ என்று பதறி அப்பாவைப் பார்த்தேன். அப்பா சிரித்த பிறகுதான் குரவை கிளம்பியது.

கமெராக்காரர் அந்த நேரத்து என் முகத்தை நன்றாகக் கிட்டத்தில் எடுத்திருந்தார். வீட்டுக்கு யார் வந்தாலும் அதைத்தான் முதலில் போட்டுக் காட்டுகிறார்கள், டீவியின் சத்தத்தை அணைத்துவிட்டு.