சம்பந்திக்கு நான் வைத்த கெடு

அன்புள்ள சுசித்ராவுக்கு,

தணிகை முருகன் துணையோடு சித்தப்பா வேதாசலம் எழுதுவது. நீயும் மாப்பிள்ளை ஸ்ரீதரும் சுகம்தானே? இங்கே எல்லாரும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். கை வரவில்லை.

"கல்யாண வேலையெல்லாம் யார் யார் பாக்கறாங்க சித்தப்பா?" என்று போன மாதம் கேட்டாய். "எல்லாம் என் மண்டைக்குள்ள இருக்கு" என்றேன். உடனே நீ, உன் ஆபீஸில் வேலை பிரித்துக்கொள்ளும் அந்த இணையதளத்தில் 'யுவஸ்ரீ கல்யாணம்' என்று ஒரு பலகை திறந்து, இரண்டு வீட்டாரையும் சேர்த்து, தமிழிலேயே வரும்படி வைத்துக் கொடுத்தாய். ஒவ்வொரு வேலைக்கும் ஓர் அட்டை, அதில் பொறுப்பு யார், கெடு என்று. கரும்பலகை துடைக்க ஒருவன், பானையில் தண்ணீர் நிரப்ப ஒருவன் என்று வகுப்பில் நான் பையன்களுக்குப் பிரித்துவிட்டது போலத்தானே என்று எனக்கும் உற்சாகம் வந்துவிட்டது. முதல் அட்டையை உன் சித்தி நிர்மலா பெயருக்குப் போட்டேன். "நடுவுல ஒரு செவுருதான கீது, வாயால சொன்னா ஆவாதா?" என்று கரண்டியோடு வந்து நின்றாள். அதோடு நிறுத்தியிருக்க வேண்டும்.

எவனையும் சும்மா உட்கார வைக்காத பழக்கம், கண்ணு. பலகையில் வேலை இல்லாமல் ஒரே ஒருவர் இருந்தார், பொதட்டூர்பேட்டை சம்பந்தி துளசிங்கம். 'மாப்பிள்ளை வீட்டாருக்கு வேன் பேசுதல். பொறுப்பு: துளசிங்கம். கெடு: வெள்ளி' என்று போட்டுவிட்டேன். பெண்ணைப் பெற்றவன், பிள்ளையைப் பெற்றவருக்கு! பத்திரிகையில் அவர் பெயருக்கு முன்னால் 'உயர்திரு' விட்டுப்போனதற்கே மறுபடி அச்சடித்தவர்கள் நாம்.

சனிக்கிழமை காலையில் அட்டை சிவந்துபோய், 'துளசிங்கம், உங்கள் வேலை தாமதம்' என்று இரண்டு வீட்டார் செல்களும் கூவின. பதறிப்போய் அவர் பெயரை எடுத்தேன். 'துளசிங்கத்தை வேதாசலம் நீக்கினார்' என்று எல்லாருக்கும் போச்சு. ஐயோ என்று திரும்பச் சேர்த்தேன், அதுவும் போச்சு. தேதியையாவது தள்ளலாம்னு பார்த்தா, 'துளசிங்கத்துக்கு வேதாசலம் கூடுதல் அவகாசம் அளித்தார்'னு போவுது!

உடனே போன். "இன்னாங்க வாத்தியாரே, காப்பி குடிச்சுகினு கீறேன், நீக்கறீங்க, சேக்கறீங்க, அவகாசம் குடுக்கறீங்க. எங்க நைனா கூட என்னை இப்படி வேலை வாங்கினதில்லைங்க" என்றார். பின்னால் ஓடிக்கொண்டிருந்த தறிச்சத்தம் நின்றது. "நேர்ல வந்து பேசிக்கறேன்" என்று வைத்துவிட்டார்.

அந்த நேரத்திலிருந்து வாசலுக்கும் கூடத்துக்கும் நடந்துகினே இருக்கேன். யுவஸ்ரீ இன்னும் எதையும் பார்க்கல. மாப்பிள்ளை எழிலன் பேரைச் சொன்னாலே சிரிக்கிற பொண்ணு, இந்தக் கட்டைவிரலால கல்யாணம் நின்னுட்டா அவ முகத்தை எப்படிப் பாப்பேன்? செல்லில் எழுதினால் இதுவும் இரண்டு வீட்டுக்கும் போகுமோ என்ற பயத்தில்தான் கடிதம். கிடைத்தவுடன் அந்தப் பலகையை அடியோடு அழித்துவிடு.

நீங்கள் இருவரும் நோய்நொடியில்லாமல் நிறைந்திருக்க அந்த மலையைப் பார்த்துக் கும்பிடுகிறேன்.

இப்படிக்கு,
சித்தப்பா வேதாசலம்

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது செல் கூவிற்று. வேன் அட்டையைச் சம்பந்தி 'முடிந்தது' பக்கம் தள்ளிவிட்டார். கூடவே என் பெயருக்குப் புது அட்டை: 'சம்பந்தி வருகிறார், வாசலில் நின்று கூப்பிடுதல். பொறுப்பு: வாத்தியார். கெடு: இன்று.' சித்தி வடைக்கு ஊறவைத்துவிட்டாள். நான் சட்டை மாற்ற வேண்டும். பலகையை அழிக்காதே. நீயும் உங்கள் புதுமனைப் புகுவிழாவுக்கு இதே போல் ஒன்று திறக்கப் போவதாகச் சொன்னாயே, முதல் அட்டையில் உன் பெயரைப் போட்டு, அந்த வேலையை முடித்துப் பார்த்த பிறகு மற்றவர்களுக்குப் போடு.